திரும்பிப் போகும் டிக்கெட் யார் கையில்?

"தமிழ் தெரிந்தவர், அதோடு ஹிந்தியும் மராட்டியும் தெரிந்தவர் ஒருவர் நாளைக் காலை பத்து மணிக்கு வேண்டும். யாரையாவது அனுப்ப முடியுமா?"

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் நம் சங்கச் செயலாளருக்கு இப்படி ஒரு தொலைபேசி வந்தது. பேசியது குழந்தைகள் நலக் குழு அலுவலகம். பொங்கல் விழாக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த செயலாளர் எதிரே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "நீங்கள்தானே ரிட்டயர் ஆகி சும்மா இருக்கிறீர்கள், போய் வாருங்களேன்" என்றார். போனேன். அன்று அரை நாளில் கண்டதும், அதற்குப் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. நான் வக்கீல் அல்ல. டிப்ளமா படித்துத் தண்டவாளத்தோடு முப்பத்தைந்து ஆண்டு காலம் தள்ளியவன். சட்டம் பேசுவதில் பிழை இருந்தால் நம் சங்கத்து வக்கீல் அன்பர்கள் திருத்த வேண்டும்.

அங்கே ஒரு பையன் இருந்தான். பதின்மூன்று வயது இருக்கலாம். தென் தமிழ்நாட்டுக்காரன். பெயரையும் ஊரையும் எழுத மாட்டேன். சட்டப்படியும் எழுதக் கூடாது. ஒரு முறுக்குக் கம்பெனியிலிருந்து அவனை மீட்டிருந்தார்கள். மதுரை, தேனிப் பக்கத்துச் சிறுவர்கள் வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளில் மீட்கப்படும் செய்தியை நாம் பத்திரிகையில் பல தடவை படித்திருக்கிறோம். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். இந்தப் பையனின் வலது முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள் அம்மை வடு மாதிரி இருந்தன.

"உன்னை யார் கூட்டிக்கொண்டு வந்தது?" என்று கேட்டார்கள். "மாமாதான் கூட்டியாந்தாரு" என்றான். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிய வாக்குமூலத்திலும் 'மாமா' என்றே இருந்தது. மராட்டியிலும் ஹிந்தியிலும் மாமா என்றால் தாயுடன் பிறந்தவர். ஆகவே காகிதத்தில் பார்த்தால், ஒரு பையன் தாய்மாமன் வீட்டுக்கு வந்து கடையில் கூடமாட ஒத்தாசை செய்திருக்கிறான், அவ்வளவுதான்! வெளியே வராந்தாவில் அந்த 'மாமா' ஒரு வக்கீலோடு நின்றார். பையனைத் தம்மிடமே ஒப்படைக்க வேண்டும் என்று மனு. முதலாளிக்கும் பையனுக்கும் ஒரே வக்கீல்.

மொழிபெயர்ப்பவன் சொன்னதைச் சொல்ல வேண்டுமே தவிர சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. அதனால் அனுமதி கேட்டுக்கொண்டு சொன்னேன்: "எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த எந்த ஆணையும் மாமா என்றோ அண்ணாச்சி என்றோ கூப்பிடுவோம். பஸ் கண்டக்டரும் மாமாதான், பலசரக்குக் கடைக்காரரும் மாமாதான்." குழுத் தலைவியாக இருந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். பையனிடம் மறுபடியும் கேட்கச் சொன்னார்.

"அவர் உங்க அம்மாவுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். அம்மா அவரப் பார்த்ததே ஊருக்கு வந்த அன்னைக்குத்தான். அப்பாகிட்ட பணம் குடுத்தாரு."

"வீட்டுக்குப் போகணும்னு கேட்டியா?"

"கேட்டேன். அட்வான்ஸ் கழியட்டும்னாரு."

"எவ்வளவு அட்வான்ஸ்?"

"அது அப்பாவுக்குத்தான் தெரியும்."

வக்கீல் உள்ளே வந்து வாதாடினார். பையனை யாரும் கடத்தவில்லை. பெற்றவர் சம்மதித்து அனுப்பினார். அவனே ரயில் ஏறினான். அவன் பெயரில் டிக்கெட் இருக்கிறது. அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை, மூன்று வேளையும் சோறு போட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வந்த டிக்கெட் பையன் கையில் இருந்தது சரி. திரும்பிப் போகும் டிக்கெட் யார் கையில் இருந்தது?

மனித வியாபாரத்தை அடையாளம் காண வக்கீலும் கோர்ட்டும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து. 'எப்படி வந்தாய்?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் 'நானாகத்தான் வந்தேன்' என்றே பதில் வரும். வறுமையில் இருப்பவரைக் கையைக் காலைக் கட்டிக் கொண்டு வரவேண்டிய அவசியமே இல்லை. 'போக வேண்டும் என்றால் போக முடிந்ததா?' என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

பிறரைக் குறை சொல்லுமுன் என் குறையையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு செக்‌ஷனில் தண்டவாளம் மாற்றும் வேலை நடந்தது. கான்ட்ராக்டர் வேறு மாநிலத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்திருந்தார். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, கூலி கொடுக்கும்போது வேலை கொடுக்கும் நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் நேரில் இருந்து, 'என் முன்னிலையில் கொடுக்கப்பட்டது' என்று ரிஜிஸ்டரில் கையெழுத்திட வேண்டும். அந்த ஒருவன் நான். பணம் எண்ணிக் கொடுக்கப்பட்டது, கட்டைவிரல் ரேகை வாங்கப்பட்டது, நான் கையெழுத்திட்டேன். கூடாரத்துக்குப் பின்னால் கான்ட்ராக்டரின் முன்ஷி அதே நோட்டுகளை அட்வான்ஸ் கணக்கில் திருப்பி வாங்கிக்கொள்கிறார் என்று என் கேங்மேன் ஒருவர் சொன்னார். 'கொடுத்ததற்குத்தான் காலம் இருக்கிறது, திருப்பி வாங்கியதற்கு ரிஜிஸ்டரில் காலம் இல்லையே' என்று பதில் சொன்னேன். புத்திசாலித்தனமான பதில் என்று அன்று நினைப்பு.

ஒரு நாள் இரவு அந்த ஆட்களில் ஒருவர் என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். ஊரில் தகப்பனார் இறந்துவிட்டார். அட்வான்ஸ் தீராமல் போகக் கூடாது என்கிறார் முன்ஷி. சாப் ஒரு வார்த்தை சொன்னால் விடுவார் என்றார். 'அது உங்களுக்கும் கான்ட்ராக்டருக்கும் உள்ள விவகாரம்' என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மறுநாள் காலை அவர் வழக்கம்போல் ஜல்லிக் கூடையோடு லைனில் நின்றார். தலை மட்டும் மழித்திருந்தது.

அது கொத்தடிமை முறை என்று எனக்கு அன்று தெரியாது என்று சொன்னால் பொய். வார்த்தை தெரியும். செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் இருப்பது என்று நினைத்திருந்தேன். நாம் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

சட்டம் என்னவோ அப்போதே தெளிவாக இருந்தது. நம் அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு மனிதரை விற்பதையும் வாங்குவதையும் வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் ஒரே மூச்சில் தடை செய்கிறது. டில்லியில் 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக நடந்த கட்டட வேலைகள் பற்றிய வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புத்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பசியும் ஏழ்மையும் ஒருவரை வேறு வழியில்லாமல் செய்தால் அதுவும் பலவந்தமே என்று நீதிபதி பகவதி விளக்கினார். அடுத்து ஃபரீதாபாத் கல் குவாரித் தொழிலாளர் வழக்கு. அதில் ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டார்கள். ஒருவரிடம் கட்டாயமாக வேலை வாங்கப்படுகிறது என்று தெரிந்தால், அது முன்பணத்துக்கு ஈடாகத்தான் என்று கோர்ட் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது முதலாளி என்று கூறினார்கள். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவும் நிரூபிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது.

ரயில்வேயில் சிக்னல் பழுதானால் தானாகச் சிவப்புக்குப் போக வேண்டும் என்பது விதி. சந்தேகம் வந்தால் வண்டி நிற்க வேண்டும். நின்ற பிறகு காரணம் தேடலாம். இந்த 15-ஆவது பிரிவும் அப்படிச் செய்த ஏற்பாடுதான். ஆனால் நடைமுறையில், கைநாட்டு வைத்த ஏழையிடம்தான் 'ரசீது இருக்கிறதா?' என்று கேட்கிறார்கள்.

2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370-ஆவது பிரிவு புதிதாக எழுதப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவாக இருக்கிறது. மிரட்டியோ, ஏமாற்றியோ, ஆசை காட்டியோ, ஒருவரைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்தோ, சுரண்டுவதற்காக ஆள் சேர்ப்பதும் கொண்டுபோவதும் தங்க வைப்பதும் குற்றம். குழந்தையாக இருந்தால் குறைந்தது பத்து ஆண்டு. நம் பையனின் தகப்பனார் வாங்கிய முன்பணத்தை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல என்றும் அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. 'அவனே ரயில் ஏறினான்' என்ற வாதத்துக்குச் சட்டம் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது.

அப்படியானால் வக்கீல்கள் என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலாவது, எதிரே நிற்பவர் யார் என்று பார்ப்பது. விற்கப்பட்டவர்கள் 'நான் விற்கப்பட்டவள்' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பிச்சை எடுத்ததற்காக, திருடியதற்காக, தெருவில் நின்று ஆள் அழைத்ததற்காகப் பிடிபட்டவராகத்தான் பலர் முதன்முதலாகக் கோர்ட்டைப் பார்க்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் ஜாமீன் மனு எழுதும் வக்கீல் இன்னும் ஐந்து நிமிஷம் கேட்க வேண்டும்: ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது? கூலி யார் கைக்குப் போகிறது? முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு? வீட்டுக்குக் கடைசியாக எப்போது பேசினாய், பேசும்போது பக்கத்தில் யார் இருந்தார்? உன் ஜாமீனுக்குப் பணம் கட்டுவது யார்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் 'முதலாளி' என்றால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, இருவருக்கும் ஒரே வக்கீல் கூடாது. மீட்கப்பட்ட சிறுமிகள் பற்றிய ஒரு வழக்கில் 2002-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விபசார விடுதி நடத்துபவருக்கோ தரகருக்கோ ஆஜராகும் வக்கீல், அதே வழக்கில் மீட்கப்பட்டவர்களுக்கும் ஆஜராகக் கூடாது. வயதை உறுதி செய்யாமலும், வந்திருப்பவர் உண்மையில் பெற்றோரா என்று விசாரிக்காமலும் குழந்தையை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. நம் 'மாமா' விஷயத்தில் குழுத் தலைவி அந்த மனுவை ஏற்காததற்கு இந்த வழிமுறைதான் துணை.

மூன்றாவது, இலவச சட்ட உதவி. 1987-ஆம் ஆண்டு சட்டப்படி, மனித வியாபாரத்துக்கும் வெட்டி வேலைக்கும் ஆளானவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் கேட்டாலே போதும். 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

கோர்ட்டுகளுக்கு வருகிறேன். இங்கே பெரிய தொல்லை தூரமும் காலமும். மீட்கப்பட்ட பையன் ஊருக்குப் போய்விடுவான். மூன்று வருஷம் கழித்துச் சாட்சி சொல்ல சம்மன் வரும். ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ரயில் பயணம், போன அன்று வாய்தா, மறுபடி பயணம். இரண்டாவது தடவை யார் வருவார்கள்? சாட்சி வராததால் விடுதலை என்று கேஸ் முடியும். இதை யோசித்துத்தான் உச்ச நீதிமன்றம் 2022-இல், வேறு ஊரில் இருக்கும் குழந்தைச் சாட்சிகளைச் சொந்த மாவட்டத்திலிருந்தே வீடியோ மூலம் விசாரிக்க வழிமுறை வகுத்தது. குழந்தையின் பக்கத்தில் பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்க வேண்டியது அரசு வக்கீலின் கடமை. கேட்காவிட்டாலும் நீதிபதி ஞாபகப்படுத்தலாம்.

2025 ஏப்ரலில், வாரணாசிப் பக்கம் குழந்தைகளைத் திருடி விற்ற கும்பல் பற்றிய வழக்கில், உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீன்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குழந்தை வியாபார வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், பெங்களூரு வழக்கு ஒன்றில், விற்கப்பட்ட சிறுமியின் சாட்சியத்தைக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவள் சாட்சியம்போல் சந்தேகிக்கக் கூடாது, காயம்பட்டவரின் சாட்சியம்போல் மதிக்க வேண்டும் என்றது. தேதி மாறிச் சொன்னாள், அறை எண்ணைத் தப்பாகச் சொன்னாள் என்பதற்காகத் தள்ளிவிடக் கூடாது. ஒரு தண்டவாள முறிவு விசாரணையில் கேங்மேன் மணி சொல்வதில் பத்து நிமிஷம் பிசகினால் முறிவே நடக்கவில்லை என்று நாங்கள் முடிவு கட்டுவதில்லையே!

மீட்டால் மட்டும் போதாது என்பதையும் மறக்கக் கூடாது. மறுவாழ்வு இல்லாமல் விடுவித்தால் அவர்கள் மறுபடி அதே குழியில்தான் விழுவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1984-லேயே எச்சரித்தது. கொத்தடிமையாக இருந்து மீண்டவருக்கு மத்திய அரசின் திட்டத்தில் நிலைக்குத் தக்கபடி ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை உண்டு. பெரும்பகுதி வழக்கின் முடிவை ஒட்டியே கைக்கு வரும். ஆகவே ஒவ்வொரு வாய்தாவும் அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு முன்பணம் வாங்கத் தூண்டுகோல்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நடுநிலை தவறியவனாவேன். பிழைப்புத் தேடி ரயில் ஏறுபவர் எல்லாம் விற்கப்பட்டவர் அல்ல. நாமே அப்படி வந்தவர்கள்தாம். பார்வை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2023 மே மாதக் கடைசியில், பீகாரிலிருந்து மகாராஷ்டிர மதரஸாக்களுக்குப் படிக்க வந்துகொண்டிருந்த 59 சிறுவர்களைப் புசாவலிலும் மன்மாடிலும் ரயிலிலிருந்து இறக்கினார்கள். உடன் வந்த ஐந்து பேர் மீது 370-ஆவது பிரிவில் வழக்கு. சுமார் நான்கு வாரம் சிறை. மறு ஆண்டு, தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த வழக்கு என்று போலீஸாரே மூடிவிட்டார்கள். அன்றைக்கே பெற்றோருக்குப் போன் செய்து, பையன்கள் எங்கே போகிறார்கள், யாருக்கு இதில் லாபம், வேண்டும்போது ஊர் திரும்ப முடியுமா என்று பொறுமையாகக் கேட்டிருந்தால் ஐந்து பேர் சிறை போயிருக்க வேண்டாம். நான் சொல்லும் கேள்வி குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல, நிரபராதியைக் காப்பாற்றுவதற்கும் உதவும். முகத்தையும் தொப்பியையும் பார்த்து முடிவு செய்வது விசாரணை ஆகாது.

கடைசியாக நம் வீட்டுக்குள் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். குழந்தை பிறந்தால் ஊரிலிருந்து 'கூடமாட ஒத்தாசைக்கு' ஒரு சின்னப் பெண்ணை அழைத்து வருவது நம் குடும்பங்களில் இருந்த வழக்கம். இன்னும் அங்கங்கே இருக்கிறது. 'எங்கள் பெண்போலத்தான் வைத்திருக்கிறோம்' என்போம். பாவாடை சட்டையும் வாங்கித் தருவோம். ஆனால் பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதலே குற்றம். அதற்கு மேல் வயதான பெண்ணாக இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்: அவள் சம்பளம் அவள் கைக்கு வருகிறதா? ஹிந்தி தெரியாத அந்தப் பெண் நாளைக் காலை ஊருக்குப் போக வேண்டும் என்றால் தானாக ஸ்டேஷனுக்குப் போக முடியுமா? அவளும் நம்மை மாமா, மாமி என்றுதான் கூப்பிடுகிறாள்.

நம் சங்கத்தால் ஆகக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. பணம் வேண்டாம், மொழி போதும். தில்லி, சென்னை, ஹௌரா, மும்பை என்று நாலு திசை வண்டிகளும் குறுக்கிடும் சந்திப்பு நம் நாக்பூர். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ இந்த ஊரில் இறக்கப்படும்போது, அவர்கள் வார்த்தையைச் சரியாக எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். 'மாமா' என்ற ஒரு சொல் அந்தப் பையனை மறுபடி எண்ணெய்ச் சட்டிக்கு அனுப்பியிருக்கும். தமிழ், ஹிந்தி, மராட்டி மூன்றும் தெரிந்த பத்துப் பேரின் பட்டியலைச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சங்கத்தின் பேரில் கொடுத்து வைக்கலாம். அதில் பெண்கள் அவசியம் இருக்க வேண்டும். சில விஷயங்களைப் பெண் குழந்தைகள் என் போன்ற கிழவனிடம் சொல்ல மாட்டார்கள். சந்தேகப்படும்படி எதையாவது கண்டால் 1098-க்குப் பேசுங்கள். நாமே போய்க் கதவை உடைக்க வேண்டாம்.

அந்தப் பையன் இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனான். துணைக்கு அதிகாரிகள் இருவர். வழியனுப்ப நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வழக்கு என்ன ஆயிற்று என்று அடுத்த வருஷம் விசாரித்தேன், நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள். வாசலில் வந்து நின்ற அந்த மனிதர் பற்றி விசாரிக்க எனக்கு வழி இல்லை. அவர் பெயர் என் கையெழுத்துக்கு மேலே ரிஜிஸ்டரில் இருந்தது. நான் படித்துப் பார்க்கவில்லை.

பட்டியலில் முதல் பெயராக என் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். மீதி ஒன்பது பேர் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் பெயர் தர வேண்டுகிறேன்.